கொழும்பு வரை போய்ச் சொன்னது

விமானத்தில் எனக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவர் இருமினார். ஒன்றிரண்டு தடவைதான். அப்புறம் தொண்டையைச் செருமிக்கொண்டு தூங்கிவிட்டார். என் தூக்கம்தான் போய்விட்டது. கொழும்பு போய்ச் சேருகிற வரைக்கும், கன்னியம்மாவின் இருமலும் இதே மாதிரிதானா, வேறு மாதிரியா என்று யோசித்துக்கொண்டே வந்தேன். அவளுடையது வறட்டு இருமல். வந்தால் உடம்பே குலுங்கும். பொங்கலுக்கு முன்னால் ஆரம்பித்தது, பங்குனி வந்தும் நிற்கவில்லை. கேட்டால் சாம்பல் தூசு என்பாள்.

கன்னியம்மாவும் நானும் ஆரணியில் பட்டுத் தறிகளுக்குப் பாவு பிணைக்கிறவர்கள். பாவு என்றால் தறியில் நீளவாக்கில் ஓடுகிற இழைகள். தறியில் ஒரு பாவு நெய்து முடிந்தால் அடுத்த பாவை ஏற்ற வேண்டும். அப்போது பழைய பாவின் ஒவ்வொரு இழையையும் புதுப் பாவின் இழையோடு சேர்த்து முறுக்கிவிட வேண்டும். பட்டு வழுக்கும் என்பதால் விரலில் சாம்பல் தொட்டுக்கொள்வோம். அவள் ஒரு கோடியிலிருந்தும் நான் ஒரு கோடியிலிருந்தும் ஆரம்பித்து நடுவில் வந்து சேருவோம். வீடு வீடாகப் போய்ச் செய்கிற வேலை. யார் வீட்டில் பாவு முடிகிறதோ அவர்கள் கூப்பிட்டு அனுப்புவார்கள்.

அந்த வேலையில் ஒரு கட்டுப்பாடு உண்டு. புதுப் பாவு பிணைக்கிற இடத்தில் வியாதி, சாவு என்று எதையும் வாயில் எடுக்கக் கூடாது. எடுத்தால் அந்தப் பாவு இழை இழையாக அறுந்துகொண்டே இருக்குமாம். கல்யாணச் சேலைக்குப் போகிற பாவு அது. மற்றபடி என்ன வேண்டுமானாலும் பேசலாம். மருமகளைத் திட்டலாம், சீரியல் கதை பேசலாம்.

நாலு வருஷத்துக்கு முன்னால் எனக்கு டிபி வந்தது. அரசாங்க ஆஸ்பத்திரியில் மாத்திரை கொடுத்தார்கள். ஆறு மாதம் விடாமல் சாப்பிட்டேன், போய்விட்டது. ஓசூரில் வேலை செய்கிற என் மகனுக்கு மட்டும் தெரியும். தெருவில் கேட்டவர்களுக்கெல்லாம் வயிற்றுப் புண் என்று சொன்னேன். எங்கள் பக்கத்துத் தெருவில் ஒருத்திக்கு இதே வியாதி என்று தெரிந்ததும் யாரும் அவளை வேலைக்குக் கூப்பிடவில்லை. குணமான பிறகும் கூப்பிடவில்லை. கடைசியில் இட்லிக் கடையில் பாத்திரம் கழுவப் போனாள்.

வளர்மதி மேடம் ஒரு கல்லூரியில் பேராசிரியர். டாக்டர் இல்லை. வியாதியைப் பற்றி ஜனங்களிடம் எப்படிப் பேசினால் காதில் ஏறும் என்பதுதான் அவருடைய படிப்பு. இதற்கு ஒரு படிப்பா என்று எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. ஆனால் அப்படிப் படித்தவரும் எங்கள் தெருவில் வந்து மாட்டிக்கொண்டார். பாவு பிணைக்கிற பெண்களுக்குக் கைதான் வேலையில் இருக்கிறது, காது சும்மா இருக்கிறதே என்று யோசித்து, டிபியைப் பற்றி ஒரு நாடகம் பதிவு செய்து, பிணைக்கிற வீடுகளில் போடச் சொன்னார். நாடகத்தில் மாமனாராக வருகிறவர் இருமின உடனே வீட்டுக்காரர்கள் நிறுத்திவிட்டார்கள். ஒரு வீட்டில் பாவுக்குக் கற்பூரம் சுற்றிப் போட்டார்கள். மேடம் அதை மறைக்கவில்லை. எங்கே தவறு செய்தோம் என்று எழுதி, அதையே கொழும்பில் நடக்கிற கூட்டத்தில் பேசப் போகிறேன் என்றார்.

ஆஸ்பத்திரி நர்ஸ் என்னைக் கேட்டு, நான் தலையாட்டின பிறகுதான் மேடம் என்னைப் பார்க்க வந்தார். கொழும்பு வந்து உங்கள் கதையைச் சொல்ல முடியுமா, பேர் சொல்ல மாட்டோம், படம் பிடிக்க மாட்டோம் என்றார். நான் ரேஷன் கடையில் கூட வாய் திறக்காதவள். ஆனால் கொழும்பில் ஆரணியை யாருக்குத் தெரியும் என்று ஒரு தைரியம் வந்தது. கன்னியம்மாவிடம், மேடத்துக்கு வெளிச் சாப்பாடு ஒத்துக்காது, சமைத்துப் போடப் போகிறேன் என்று சொன்னேன்.

"பிளேன் ஏறிப் போயி சோறு வடிக்கிற மொத ஆளு நீதாங்க்கா," என்றாள்.

கொழும்பில் இறங்கியபோது காது அடைத்துக்கொண்டது. மேடம் பேசுவது கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருந்தது. வெளியில் வந்தால் வெயில் நம்ம ஊர் மாதிரிதான், ஆனால் வேர்வை காயவே இல்லை. சாலையில் யாரும் ஹாரன் அடிக்கவில்லை. நான் நடக்கக் கால் வைத்தால் கார் நிற்கிறது. நிற்கிற காரைப் பார்த்து நான் நின்றுவிட்டேன். அதுவும் நிற்கிறது, நானும் நிற்கிறேன். மேடம் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்.

அன்றைக்குச் சாயங்காலம் ஒரு பெரிய ஓட்டலில் எல்லோருக்கும் அறிமுகக் கூட்டம். ஆட்டோக்காரர் சிங்களத்தில் ஏதோ கேட்டார், மேடம் இங்கிலீஷில் ஏதோ சொன்னார், அவர் ஒரு ஓட்டல் வாசலில் விட்டுப் போனார். நாங்கள் இரண்டு பேரும் பட்டுச் சேலை கட்டியிருந்தோம். வாசலில் நின்றவர்கள் கும்பிட்டு உள்ளே கூட்டிக்கொண்டு போனார்கள். உட்கார வைத்து ஒரு தட்டில் வெள்ளையாகச் சதுரமாக வெட்டின சோறு கொடுத்தார்கள். தேங்காய்ப் பாலில் வெந்த சோறு, மேலே காரமான வெங்காயச் சம்பல். நன்றாக இருந்தது. இன்னொன்று வாங்கினேன். மாலை போட்டுக்கொண்டு பெண்ணும் மாப்பிள்ளையும் உள்ளே வந்த பிறகுதான் அது கல்யாண வீடு என்று தெரிந்தது.

மேடம் எழுந்து மன்னிப்புக் கேட்டார். பெண்ணின் அம்மா சிரித்து ஏதோ சொன்னார். கூட இருந்த ஒருவர் தமிழில் எங்களுக்குச் சொன்னார்: "சாப்பிட்டு முடிச்சிட்டுப் போகச் சொல்றா. பால்சோறைப் பாதியில விடக் கூடாதாம்."

சாப்பிட்டுவிட்டுத்தான் போனோம். எங்கள் கூட்டம் அடுத்த ஓட்டலில். போய்ச் சேரும்போது நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்தார்கள்.

அறைக்கு வந்ததும் மேடம் போனில் கன்னியம்மா பேசினாள். பக்கத்து வீட்டுப் பெண்ணின் போனிலிருந்து கூப்பிட்டிருந்தாள்.

"இன்னாக்கா, ஊரு எப்டி கீது? மீனு கொழம்பு வச்சியா மேடத்துக்கு?"

"மேடம் மீன் சாப்பிட மாட்டாங்க."

"அப்ப நீ துன்னு. அங்க கடலு பக்கத்துலதான கீது..." அதற்கு மேல் பேச முடியாமல் இருமல் வந்துவிட்டது. போனை யாரோ வாங்கி, அப்புறம் பேசுறோம் ஆயா என்றார்கள். நான் போனைக் காதிலேயே வைத்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் பகலில் வேலை இல்லை. கூட்டம் நடத்துகிறவர்களில் நிலூகா என்று ஒரு பெண், சிங்களப் பெண், தமிழ் கொஞ்சம் பேசும். அது எங்களைக் கடலோர ரயிலில் கூட்டிப் போனது. ரயில் கதவை மூடவே இல்லை. தண்டவாளத்துக்குப் பக்கத்திலேயே அலை அடிக்கிறது. ஒருவர் கூடையில் வடை கொண்டுவந்தார், மேலே முழு இறால் உட்கார்ந்திருந்தது. எனக்கு எதிரில் இரண்டு பெண்கள் ஓயாமல் பேசிக்கொண்டு வந்தார்கள். என்ன பேசுகிறார்கள் என்று நிலூகாவைக் கேட்டேன். ஒருத்தி சொன்னாளாம்: "மாமியாருக்குச் சீனி வியாதி, என்னிடம் மறைக்கிறார். நான் இனிப்பு செய்து போட்டுக்கொண்டே இருக்கிறேன், அவரும் சாப்பிட்டுக்கொண்டே இருக்கிறார்." நிலூகா சிரித்தது. மேடமும் சிரித்தார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

வெள்ளவத்தை என்ற இடத்தில் இறங்கினோம். தெரு முழுக்கத் தமிழ் போர்டு. சேலைக் கடை, நகைக் கடை, இட்லிக் கடை. மேடம் யாருக்கோ ஒரு சேலை வாங்க வேண்டும் என்று ஒரு கடைக்குள் போனோம். கடைக்காரர் என் வயசுக்காரர், நெற்றியில் சந்தனம்.

"வாங்கோ அம்மா. இந்தியாவில எந்த இடம்?"

"வேலூர் பக்கம்," என்றேன்.

"வேலூர்ப் பக்கமெண்டா ஆரணி தெரியுமோ? நான் வருசத்தில ரெண்டு தரம் போறனான். இந்த அலுமாரியில கிடக்கிறதில பாதி ஆரணிச் சீலைதான்." என்னைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். "தறி வீடுகளுக்கெல்லாம் போவன். பொம்பிளையள் பாவு பிணைக்கிறதைப் பாத்துக்கொண்டு நிப்பன். உங்களையும் எங்கேயோ கண்ட மாதிரிக் கிடக்கு."

நான் கையில் எடுத்த சேலையைக் கீழே வைத்தேன். தலை சுற்றுகிறது என்று மேடத்திடம் சொல்லிவிட்டு வெளியில் வந்து நின்றேன். மேடம் சேலை வாங்காமலே பின்னால் வந்தார். ஒரு கடையில் இடியாப்பமும் தேங்காய்ப் பால் விட்ட சொதியும் வாங்கிக் கொடுத்தார். பாதியில் தள்ளி வைத்தேன். கொத்து ரொட்டி போடுகிறவர் இரண்டு தகட்டை வைத்து டக் டக்கென்று கொத்திக்கொண்டிருந்தார், அந்தச் சத்தம் தலைக்குள் இறங்கியது.

"நாளைக்கு நான் பேசலைங்க மேடம்," என்றேன்.

"வேணாம்னா வேணாம்மா. நீங்க பேச வேண்டாம், உங்களைப் பத்தி நானும் பேச மாட்டேன். சும்மா வந்து உக்காருங்க. அதுவும் பிடிக்கலைன்னா ரூம்லயே இருங்க."

அவர் வற்புறுத்தியிருந்தால் நான் கோபப்பட்டு வேண்டாம் என்றே இருந்திருப்பேன். அவர் விட்டுவிட்டதால் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. அறையில் கட்டில் மெத்து மெத்தென்று உள்ளே போனது. கீழே போர்வையை விரித்துப் படுத்தேன், அப்படியும் புரண்டுகொண்டே இருந்தேன். அந்தக் கடைக்காரர் கூட்டத்துக்கா வரப் போகிறார்? வரமாட்டார். ஆனால் அடுத்த தடவை ஆரணிக்கு வருவார். நாங்கள் வழக்கமாகப் பிணைக்கிற துரைசாமி வீட்டுத் தறிக்குப் பக்கத்தில் வந்து நிற்பார்.

காலையில் மேடம் கிளம்பும்போது நானும் கிளம்பியிருந்தேன். அவர் ஆட்டோவில் எனக்கு இடம் விட்டு உட்கார்ந்தார்.

நான் பயந்த மாதிரி மேடை எதுவும் இல்லை. வட்ட மேசை போட்டு உட்கார்ந்திருந்தார்கள். பல ஊர்க்காரர்கள். எனக்குப் பக்கத்தில் நேபாளத்திலிருந்து வந்த ஒரு அம்மா, அவரும் என்னை மாதிரி சொல்ல வந்தவர். எனக்கும் அவருக்கும் ஒரு வார்த்தை கூடப் பொது இல்லை. ஆனாலும் என் கையைப் பார்த்துவிட்டு தன் கையை நீட்டினார். கம்பளத்துக்கு முடிச்சுப் போடுகிற கை என்று மேடம் சொன்னார், விரல் நுனி எல்லாம் காய்த்திருந்தது. சாப்பாடு வந்தபோது தன் தட்டிலிருந்த முட்டையை எடுத்து என் தட்டில் வைத்தார். வேண்டாம் என்று சொல்ல பாஷை தெரியாமல் சாப்பிட்டேன்.

மேடம் தன்னுடைய நாடகம் ஆரணியில் எப்படி ஊத்திக்கொண்டது என்று சொன்னபோது எல்லோரும் சிரித்தார்கள். கற்பூரம் சுற்றினதைச் சொன்னபோது இன்னும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் எழுந்துவிட்டேன்.

எனக்கு வந்ததைச் சொன்னேன். சளியில் ரத்தம் வந்த அன்றைக்குக் கழுவி ஊற்றிவிட்டு வேலைக்குப் போனது, மாத்திரை சாப்பிட்டால் சிறுநீர் ஆரஞ்சாகப் போவதைப் பார்த்துப் பயந்தது, மாத்திரை அட்டையை அரிசிப் பானையில் மறைத்தது எல்லாம் சொன்னேன். மேடம் இங்கிலீஷில் சொல்லிக்கொண்டே வந்தார். ஒன்றையும் விடவில்லை. எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

பங்களாதேஷிலிருந்து வந்த ஒரு டாக்டர், ஒல்லியான ஆள், கை தூக்கினார். மேடம் தமிழில் சொன்னார்: "உங்க கூட பாவு பிணைக்கிறவங்க இதைக் கேட்டு என்ன சொன்னாங்கன்னு கேக்கிறாரு."

"அவளுக்குத் தெரியாது," என்றேன்.

மேடம் அதை மொழிபெயர்த்தார். அந்த டாக்டர் தலையை ஆட்டி, மெதுவாக ஏதோ சொன்னார். "எங்க ஊர்லயும் இப்படித்தான், தூரத்துல சொல்றது சுலபம்" என்றாராம். குத்திக்காட்டுகிற முகம் இல்லை அது. இருந்தாலும் அதற்கப்புறம் நடந்தது எதுவும் என் மண்டையில் ஏறவில்லை. எல்லோரும் வந்து கையைப் பிடித்தார்கள். எனக்கு எப்போது ஊருக்குப் போவோம் என்றுதான் இருந்தது. இவ்வளவு பேருக்குச் சொல்லியாகிவிட்டது, இருமிக்கொண்டிருக்கிறவளுக்குச் சொல்லவில்லை.

சென்னையில் இறங்கியதும் மேடம், ஒரு நாள் தங்கிவிட்டுப் போங்கள் என்றார். நான் கேட்கவில்லை. ஆரணி பஸ் ஏறினேன். அது செய்யாறு தாண்டினதும் புகை விட்டு நின்றுவிட்டது.

"எல்லாரும் எறங்குங்க, பின்னால வேற வண்டி வந்துகினு கீது," என்றார் கண்டக்டர்.

"எப்பப்பா வரும்?"

"இன்னா ஆயா பேஜாரு பண்ற, வரும்."

புளியமரத்தடியில் நின்றோம். கொழும்பில் ரயில் சொன்ன நேரத்துக்கு வந்து நிற்கிறது, இங்கே வரும் என்றால் வரும், அவ்வளவுதான். ஒரு பெண் நுங்கு விற்றுக்கொண்டிருந்தாள். வாங்கித் தின்றுகொண்டே, கன்னியம்மாவிடம் எப்படி ஆரம்பிப்பது என்று மனசுக்குள் சொல்லிப் பார்த்தேன். மேடம் படித்த படிப்பில் இதற்கு ஏதாவது வழி இருக்கும். கேட்காமல் வந்துவிட்டேனே என்று இருந்தது.

மறுநாள் வேலைக்குப் போகிற வழியில் சொல்லிவிடலாம் என்று சீக்கிரமே அவள் வீட்டுக்குப் போனேன். அவள் எனக்கு முன்னாலேயே துரைசாமி வீட்டுக்குப் போயிருந்தாள். நான் போகும்போது தன் பக்கத்தில் பிணைக்க ஆரம்பித்துவிட்டாள். மாம்பழ மஞ்சளில் புதுப் பாவு. இளைத்திருந்தாள். கழுத்து எலும்பு இதற்கு முன்னால் அப்படித் தெரிந்ததில்லை.

"வாக்கா வெளிநாட்டுக்காரி. இன்னாதான் பண்ண அங்க? மேடத்துக்கு நல்லா வடிச்சிப் போட்டியா?"

நான் சாம்பல் தொட்டுக்கொண்டு என் கோடியில் உட்கார்ந்தேன். அவளுக்கு இருமல் வந்தது. புதுப் பாவு மேல் படக் கூடாது என்று முகத்தைத் திருப்பி, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கினாள். சாயங்காலம் சொல்லலாம், வீட்டுக்குப் போகிற வழியில் சொல்லலாம் என்று நினைத்தேன். நினைத்துக்கொண்டிருக்கும்போதே வாய் திறந்துவிட்டது.

"வடிக்கல கன்னி. கூட்டத்துல பேசினன்."

"நீயா?" சிரித்தாள். "ரேஷன்ல சக்கர கொறையுதுன்னு கேக்கவே என்னதான முன்னாடி தள்ளுவ."

"எனக்கு டிபி இருந்திச்சின்னு பேசினன். வயித்துப் புண்ணு இல்ல அது. டிபி. மாத்திர துன்னு போயிடுச்சி. உனக்கும் அதான்னு எனக்கு சந்தேகமா கீது. டெஸ்டுக்கு வா."

அவள் விரல் நின்றுவிட்டது. தறிக்கு அந்தப் பக்கம் ஜரிகை பிரித்துக்கொண்டிருந்த துரைசாமி எழுந்து வந்தார்.

"இன்னா சரசும்மா, பாவு மேல உக்காந்துகினு இன்னா பேச்சு பேசற நீ? தெரியாதவங்களா நீங்க?"

"தெரியும் நைனா."

"தெரிஞ்சேவா?" அவர் பாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். மரியாதையான மனிதர், சத்தம் போடவில்லை. "முடிச்சிக் குடுத்துட்டுப் போங்க. பாதியில உட முடியாது. அடுத்ததுக்கு நான் வேற ஆள பாத்துக்கிறன்."

அதற்கப்புறம் நானும் கன்னியம்மாவும் ஒரு வார்த்தை பேசவில்லை. எத்தனையோ வருஷமாகப் பிணைக்கிறோம், பேசாமல் பிணைத்தது அன்றைக்குத்தான். இழை அறுந்த மாதிரியும் தெரியவில்லை. முடித்துக் கொடுத்துவிட்டுத் தெருவுக்கு வந்தோம்.

"நல்ல வீடு. போக்கடிச்சிட்ட," என்றாள்.

"ஆமா."

"கடலு தாண்டிப் போயி மைக்கு புடிச்சி சொல்லிகினு வர. நான் இங்க பக்கத்துல உக்காந்து கெடக்கிறேன், எனக்கு வயித்துப் புண்ணு கத சொன்ன. மொளகா சேக்காதக்கான்னு உனக்கு தனியா கொழம்பு வேற எடுத்துகினு வந்தேன்."

"சொல்லியிருந்தா நீ என் கூட உக்காந்திருக்க மாட்ட."

அவள் நடந்துகொண்டே யோசித்தாள். "மாட்டேன்தான்," என்றாள். அப்புறம் அவள் வீட்டுப் பக்கம் திரும்பிப் போய்விட்டாள்.

மறுநாள் நான் அவள் வீட்டுக்குப் போகவில்லை. போக முகம் இல்லை. ஆஸ்பத்திரிக்குப் போய் வாசலில் நின்று பார்ப்போம் என்று போனேன். வரிசையில் அவள் எனக்கு முன்னாலேயே உட்கார்ந்திருந்தாள். முந்தானையால் மூக்கையும் வாயையும் கட்டியிருந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். பேசவில்லை. சளி கொடுக்க நர்ஸ் ஒரு சின்ன டப்பா தந்து வெளியில் போய் எடுத்துவரச் சொன்னார். போய் நின்றால் இருமல் வரவில்லை. வேப்பமரத்தடியில் நின்று திணறினாள்.

"மூணு மாசமா என்ன தூங்க உடல இது. இப்ப வரமாட்டேன்னு நிக்கிது பாரு," என்றாள். என்னிடம்தான் சொன்னாள்.

"ஆழமா மூச்சு இழு," என்றேன்.

ஒரு வழியாக வந்தது. உள்ளே கொண்டுபோய்க் கொடுத்தாள். ரிசல்ட் நாளைக்குத்தான் என்றார்கள். நர்ஸ் எழுதிக்கொண்டே என்னைக் காட்டி, "இவங்க யாரு உங்களுக்கு? சொந்தமா?" என்று கேட்டார்.

"கூட வேல செய்யறவங்க. அவங்களுக்கும் இதான் இருந்திச்சி, நல்லாயிட்டாங்க," என்றாள் கன்னியம்மா. அவளுக்கு எப்போதும் பெரிய குரல். அந்த அறை முழுக்கக் கேட்டது.

எங்கள் தெருவுக்கு அடுத்த தெரு ஆள் ஒருவர் திரும்பிப் பார்த்தார். பெஞ்சில் எனக்கு இந்தப் பக்கம் இருந்தவர் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார். எனக்கு எழுந்து போய்விடலாமா என்று இருந்தது. அப்போது அந்தப் பக்கம் கைக்குழந்தையோடு இருந்த ஒரு பெண், தேவிகாபுரம் பஸ்ஸில் வந்தவளாம், என் பக்கம் நகர்ந்து வந்து மெதுவாகக் கேட்டாள்.

"அந்த மாத்திர துன்னா வயித்த பொரட்டுமாங்க?"

"மொதல்ல பொரட்டும்," என்றேன். "அப்புறம் பழகிடும். உட்டுடாத."